பதுங்கலும் முந்துரிமையும்: பெங்களூர் மேசைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒருவர் கதை நடத்த, மற்ற நால்வர் ஆளுக்கொரு வேடம் ஏற்று, ஐயம் எழும் இடமெல்லாம் தாயம் உருட்டித் தீர்த்துக்கொள்ளும் மேசை விளையாட்டு, 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர் ஆக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலிருந்து கிளைத்தது. பெங்களூரில் இதனை ஆடுவோர் பெரும்பாலும் வார நாள்களில் கணினிக்கு விதி எழுதி, ஞாயிற்றுக்கிழமைகளில் தமக்கு எழுதப்பட்ட விதியை மறுத்து வாதிடுபவர்கள். பேச்சும் பயணமும் பூட்டுத் திறத்தலும் இவ்விளையாட்டில் தங்குதடையின்றி நடக்கும். சண்டை மூண்டவுடன் மட்டும் காலம் உறைந்துவிடும். உறைந்த காலத்தில் முதலில் கை ஓங்கும் உரிமை யாருக்கு என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

அவ்வுரிமையை ஆடுவோர் 'இனிஷியேட்டிவ்' என்பர்; இங்கு அது முந்துரிமை எனப்படும். இன்று வழங்கும் முறைப்படி, ஒவ்வொருவரும் இருபது முகத் தாயத்தை உருட்டி, விழுந்த எண்ணோடு தம் பாத்திரத்தின் சுறுசுறுப்பு மதிப்பைக் கூட்ட, கூடுதல் எண் பெற்றவர் முதலிலும் ஏனையோர் இறங்குவரிசையிலும் செயல்படுவர். சுறுசுறுப்பு மதிப்பு 3 உடைய கள்வனும் மதிப்பே இல்லாத காப்ளினும் (பச்சைத் தோல் குட்டிப் பூதம் என்று கொள்க) மோதினால், தாயம் விழக்கூடிய 400 வகைகளில் 247-இல் கள்வன் முந்துகிறான். எல்லோரும் ஒருமுறை செயல்பட்டு முடிவது ஒரு சுற்று. கதைக்குள் அதன் நீளம் 6 நொடி. மேசையில் அது அரை மணி நேரம் பிடிப்பதைப் புறநகர் ஆட்டக்காரர்கள் குறையாகக் கூறுவர். போக்குவரத்து நெரிசலுக்குப் பெயர்போன சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து வந்து அமர்ந்தவரோ இதில் வியப்பதற்கு எதையும் காண்பதில்லை.

சிக்கல் பதுங்கலில்தான் தொடங்குகிறது. புதருக்குள் ஒளிந்திருக்கும் கள்வன் "அம்பு விடுகிறேன்" என்று அறிவிக்க, கதை நடத்துநர் "முதலில் இனிஷியேட்டிவ் போடுங்க" என்கிறார். காப்ளினுக்கு 19 விழுகிறது. தன்மீது அம்பு வரப்போவதை அறியாத காப்ளின், வில் வளையும் முன்பே எவ்வாறு முந்தியது என்ற வினா, தட்டில் இருக்கும் மசால் தோசை விறைத்துப்போகும் வரை விவாதிக்கப்படும். 1974 விதியில் இதற்கு இடமில்லை. ஆறு முகத் தாயத்தில் 1 அல்லது 2 விழுந்தால் அந்தத் தரப்பு திகைத்து நிற்கும், அவ்வளவுதான். 2014-இன் ஐந்தாம் பதிப்பு, திகைத்தவர் வரிசையில் நிற்கலாம், ஆனால் முதல் முறையில் அசையவோ செயல்படவோ கூடாது என்றது. 2024-இல் வந்த திருத்தம், திகைத்தவர் இரண்டு தாயம் உருட்டிச் சிறியதை ஏற்க வேண்டும் என்று தண்டனையைத் தளர்த்தியது. ஒற்றைத் தாயத்தின் சராசரி 10.5, இரண்டில் சிறியதன் சராசரி 7.175. ஆகவே நள்ளிருட்டில் கழுத்தருகே கத்தி வந்து நிற்பதால் ஒருவருக்கு ஏற்படும் அதிர்ச்சியின் அளவு, இன்றைய நிலையில், 3.325 ஆகும். பழைய விதியே மேல் என்பது இக்கட்டுரையின் துணிபு. திகைப்பு என்பது மெதுவாகச் செயல்படுவதன்று, செயலற்றுப் போவது.

இப்பொருளில் தமிழர் பிந்தியவர் அல்லர். பகைவரின் ஆநிரையைக் களவில் கவர்வதை வெட்சித்திணை என்று வகுத்த தொல்காப்பியம், அதற்குப் பதினான்கு துறைகளை நிரல்படக் கூறுகிறது. ஒற்றறிதல் 'வேய்', பசுக்களைக் கைப்பற்றுதல் 'ஆகோள்', கவர்ந்ததைப் பங்கிடுதல் 'பாதீடு', அதன்பின் குடித்து மகிழ்தல் 'உண்டாட்டு'. யாரும் அறியாமல் செய்ய வேண்டிய களவுக்கு முதல் துறையாக வைக்கப்பட்டிருப்பதோ படை கிளம்பும் ஆரவாரமான 'படையியங்கு அரவம்'. உரையாசிரியர்கள் எவ்வாறு அமைதி கூறினும், இரும்புக் கவசம் கலகலக்கப் பதுங்கிச் செல்ல முயன்று தோற்கும் வீரன் ஒருவன் ஏறத்தாழ எல்லா ஞாயிறு மேசையிலும் இருப்பதைக் கண்டவர்க்கு, இவ்வைப்புமுறை முழுதும் அனுபவம் சார்ந்தது என்பது விளங்கும்.

பெங்களூரின் சான்றும் இதற்குக் குறைந்ததன்று. நகரின் தெற்கே, பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள ஏறத்தாழ கி.பி. 890-ஆம் ஆண்டின் கன்னடக் கல்வெட்டு, 'பெங்களூர்ப் போரில்' புட்டண செட்டி என்பவர் மாண்டதைப் பதிந்துள்ளது. அவ்வாறு இந்நகரின் பெயர் நமக்குத் தெரிந்தவரை முதன்முதலில் கல்லில் ஏறியதே ஒரு சண்டையின் பொருட்டுத்தான். அச்சண்டையில் பதுங்கியவர் யார், முந்தியவர் யார் என்பதைக் கல் சொல்லவில்லை. செட்டியாரின் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கக்கூடும்.

முறை வரக் காத்திருப்பது இந்நகருக்குப் பழகியது. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டு துணி போர்த்தி நின்று, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. இரு தரப்பும் மாறி மாறிச் செயல்படும் முறைவரிசைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு விதிநூல்களில் இல்லை.

எஞ்சுவது உண்டாட்டு. சண்டையின் நடுவே பிரியாணி வந்து கதவு மணி அடிக்கும்போது எழுந்து போக வேண்டியவர் முந்துரிமையில் முதல்வரா கடைசியா என்பதற்கு 1974 முதல் 2024 வரை எந்தப் பதிப்பிலும் விதி கிடையாது. நடைமுறையில், தம் பாத்திரம் ஏற்கெனவே செத்துப்போனவரே எழுந்து போகிறார்.