ஏட்டுச் சிப்பாய்கள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுச் சிப்பாய் அப்படியில்லை. பலருக்குச் சோறு போடுவான். பெர்னார்ட் கார்ன்வெல்லின் ‘ஷார்ப்ஸ் ரெஜிமென்ட்’ (1986) நாவலில், 1813-இல் நெப்போலியன் படையோடு மல்லுக்கட்டும் மேஜர் ஷார்ப், ஆள் பற்றாமல் இங்கிலாந்துக்கு வந்து தன் பட்டாளத்தின் இரண்டாம் அணியைத் தேடுகிறான். காகிதத்தில் ஜம்மென்று இருக்கிறது. ஆட்களைத்தான் ஒளித்துவைத்து, சந்தை மாடு மாதிரி வேறு பட்டாளங்களுக்கு ஏலம் விடுகிறார்கள்.

கற்பனை எல்லை மீறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. தலைமைத் தளபதியான யார்க் கோமகனின் ஆசைநாயகி மேரி ஆன் கிளார்க், பதவி உயர்வுகளைக் காசுக்கு வாங்கித் தந்ததாக 1809-இல் நாடாளுமன்றத்திலேயே சந்தி சிரித்தது. கோமகன் விலகினார், 1811-இல் அதே நாற்காலிக்குத் திரும்பினார். அதிகாரிப் பதவியை விலைக்கு வாங்குவதோ 1871 வரை சட்டப்படியே நடந்தது. அரசாங்க விலையைவிட மலிவாகத் தள்ளிவிட்டதுதான் அந்த அம்மாளின் குற்றம் போலும்!

பட்டாளத்தில் சேருகிறவனின் விசுவாசத்துக்கு ராஜா கொடுத்த முன்பணம் ஒரு ஷில்லிங். ஷார்ப்பின் நிழலான ஹார்ப்பர் அயர்லாந்துக்காரன். ராஜாமேல் பெரிய பிரியமெல்லாம் கிடையாது. ஏலக் கூட்டத்தைப் பிடிக்க, கள்ளப் பெயரில் அதே ஷில்லிங்கை இன்னொரு தடவை வாங்கிக்கொண்டு ஷார்ப்போடு கிளம்பிவிடுகிறான்.