லண்டன் கடிதம்: மீனை ஏசும் மொழி

ஆங்கிலத்தில் மீனை வைத்து எழுந்த மரபுத்தொடர்கள் ஏராளம். அவற்றுள் மீனைப் பாராட்டுபவை அநேகமாக இல்லை. சுத்துமாத்துக்காரன், குடிகாரன், நெஞ்சில் ஈரமில்லாதவன், ஏமாந்த சோணகிரி என்று யாரைக் குறிக்க வேண்டுமானாலும் அந்த மொழிக்கு முதலில் கைக்கு அகப்படுவது மீன்தான். மீன் பாடும் ஊர் என்று பெயர் வாங்கிய மட்டக்களப்பிலிருந்து லண்டனுக்கு வந்து சேர்பவருக்கு இது முதலில் விளங்குவதில்லை. விளங்கிய பிறகு கொஞ்சம் மனத்தாங்கல் வரும். ஊரிலிருந்து புறப்பட இருப்போருக்கு உதவட்டும் என்று அந்தத் தொடர்களும் அவற்றின் அன்றாடப் பொருளும் இக்கடிதத்தில் தரப்படுகின்றன.

ஊர்ப் பள்ளிக்கூடங்களைக் குறை சொல்ல முடியாது. மட்டக்களப்பில் ஆங்கிலப் படிப்பு இருநூறு வருடப் பழசு. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் வந்திறங்கித் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. இலக்கணமும் கட்டுரையும் விண்ணப்பக் கடிதமும் ஊரில் ஒழுங்காகவே சொல்லித் தரப்படுகின்றன. வேலைத்தளத்தில் தேத்தண்ணி நேரத்தில் பேசப்படும் ஆங்கிலம்தான் பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

அங்கே முதலில் காதில் விழுவது 'பிஷி'. ஒரு கணக்கோ கதையோ 'பிஷி' என்றால் அதில் ஏதோ சுத்துமாத்து இருக்கிறது என்று பொருள். சொல்லின் நேர்ப்பொருள் மீன்போல மணப்பது. அன்று பிடித்த மீன் அப்படி மணக்காது என்பது வாவிக்கரையில் குழந்தைக்கும் தெரியும். இந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள் மூன்றாம் நாள் மீனை வாங்கியவர்களாக இருக்க வேண்டும்.

'றெட் ஹெறிங்' என்பது கேட்ட விடயத்தை விட்டு ஆளை வேறு பக்கம் திருப்பிவிடும் பேச்சு. ஹெறிங் மீனை உப்பிட்டு நன்றாகப் புகையூட்டினால் செம்பழுப்பாகும், மணமும் அப்படித்தான். பத்திரிகையாளர் வில்லியம் கொபெற் 1807இல் எழுதிய ஒரு கட்டுரையில், சிறுவனாக இருந்தபோது அத்தகைய மீனை இழுத்துச் சென்று வேட்டை நாய்களை முயலின் தடத்திலிருந்து திருப்பியதாக ஒரு கதை சொன்னார். நெப்போலியன் தோற்றுவிட்டான் என்ற பொய்ச் செய்தியின் பின்னால் ஓடிய பத்திரிகைகளைக் கிண்டல் செய்யவே அந்தக் கதை. ஊரில் கலியாணப் பேச்சில் வீட்டு உறுதி எங்கே என்று கேட்டால், தரகர் எருமைத் தயிரின் தடிப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்குவாரே, அதுவும் றெட் ஹெறிங்தான்.

'கெற்றில் ஒஃப் பிஷ்' என்று கேட்டதும் வீட்டுக் கேத்திலுக்குள் மீனைப் போட்டால் இனித் தேத்தண்ணி எதில் வைப்பது என்றுதான் யோசனை போகும். இது வேறு கேத்தில். 18ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்து எல்லையில், ட்வீட் ஆற்றங்கரைக் கனவான்கள் கூடாரம் அடித்து, பிடித்த சல்மனை உயிரோடு கொதிநீர்ப் பாத்திரத்தில் போட்டு அவித்து விருந்து வைப்பார்கள். அந்த விருந்தின் பெயரே அதுதான். இன்று 'வேறொரு கெற்றில் ஒஃப் பிஷ்' என்றால் அது முற்றிலும் வேறு விடயம் என்று பொருள். 'அழகான கெற்றில் ஒஃப் பிஷ்' என்றால் எல்லாம் குழம்பிவிட்டது என்று பொருள். அழகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வேலைக்குச் சேர்ந்த கிழமையிலேயே மேலாளரிடம் லீவுத் தாளை நீட்டினால், பொரிக்க இதைவிடப் பெரிய மீன் தன்னிடம் இருக்கிறது என்பார். இதைவிட முக்கியமான வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பிறகு வா என்பதே செய்தி. மேலாளர் சொன்னதை அப்படியே தமிழாக்கித் தொலைபேசியில் ஒப்புவித்த மட்டக்களப்புக் கல்லடியைச் சேர்ந்த பிள்ளை ஒருவருக்குத் தாயாரிடமிருந்து உடனே பதில் வந்தது: "மனே, கொம்பியூட்டர் வேலையெண்டுதானே போன நீ? அங்க மீன் பொரிக்கிற வேலையா தந்திருக்காங்க? சரி, நல்ல எண்ணெயில பொரி."

மொடாக் குடிகாரரை 'மீனைப் போலக் குடிப்பவர்' என்பது ஆங்கில வழக்கு. விலங்கியல் இதை முழுதாக ஒப்புக்கொள்ளாது. நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே இல்லை எனலாம். அதன் உடலுக்குள் தண்ணீர் தானாகவே புகுந்துவிடும். உப்புநீர் தன் உடல் நீரை இழுத்துவிடுவதால் கடல்மீன்தான் குடித்தாக வேண்டும். மட்டக்களப்பு வாவி இரண்டுங்கெட்டான். மாரியில் வெள்ளம் நிறைந்து நன்னீராகும். முகத்துவாரம் திறந்தால் கடல்நீர் ஏறும். ஆகவே அங்குள்ள மீன் சிலகாலம் குடிக்கும், சிலகாலம் விட்டுவிடும். ஊரிலும் அப்படி ஆட்கள் உண்டு.

தூண்டிலோடு நூலையும் ஈயக்குண்டையும் சேர்த்து விழுங்குவது 'ஹூக், லைன் அன்ட் சிங்கர்'. சொன்னதை மிச்சமில்லாமல் நம்புவது அதன் பொருள். தமிழில் இதற்குத் தக்க உதாரணம், மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் வழங்கிய பேச்சு. வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் பெண்ணெடுத்து, வீடும் வட்டையும் கிடைத்து அங்கேயே தங்கிவிடுவார் என்பதே அதன் சாரம். அதைச் சிலர் மந்திரம், மருந்து, உண்மையான பாய், உண்மையான பசை என்றே நம்பினார்கள். ஈயக்குண்டும் உள்ளே போய்விட்டது.

'நீருக்கு வெளியே மீன்' என்பதில் கவனம் தேவை, ஏனென்றால் தமிழிலும் அப்படி ஒன்று உண்டு. தமிழில் தரையில் விழுந்த மீன் உயிருக்குத் துடிக்கிறது. ஆங்கில மீனுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. பழக்கமில்லாத கூட்டத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூச்சப்பட்டு நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டிலேயே சோசர், மடத்தை விட்டு வெளியே திரியும் துறவிக்கு இந்த உவமையைச் சொல்லியிருக்கிறார். வேலைத்தள விருந்தில் தனியே நிற்பவர் தன்னைத் தரையில் விழுந்த மீன் என்று தமிழ்க் கருத்தில் சொன்னால், மற்றவர்கள் அதைச் சிறு கூச்சம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

'சின்னக் குளத்தில் பெரிய மீன்' புலம்பெயர்ந்தவருக்குக் கொஞ்சம் சுடும். ஊரில் கச்சேரியில் கையெழுத்துப் போட்டவர், றோட்டில் இறங்கினால் நாலு பேர் சைக்கிளை நிறுத்திக் கதைத்தவர், இங்கே பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்க்கிறார். முந்திய நிலையைத்தான் ஆங்கிலம் அப்படிச் சொல்கிறது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று தமிழும் அதைத்தான் சொல்கிறது. சர்க்கரையாவது இனிக்கிறது.

மற்றவை விரைவில் முடியும். 'குளிர்ந்த மீன்' ஒட்டுறவில்லாத ஆள். 'பாராட்டுக்குத் தூண்டில் போடுவது' புடவை எப்படி என்று மூன்றாம் முறை கேட்பது. 'சாடினைப் போல அடைபட்டு' என்பது காலைநேரச் சுரங்க ரயில். பள்ளிக்கூடம் விட்ட நேரத்துக் கல்முனை பஸ்ஸில் வந்தவருக்கு அதில் புதுமை இல்லை. காதல் முறிந்தவருக்கு 'கடலில் இன்னும் மீன் கிடக்கிறது' என்று ஆறுதல் சொல்வார்கள். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீன் பிடிப்பதும் உண்டு. தமிழில் அது இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிப்பது. வாவி இறாலின் இன்றைய விலைக்கு அதைத் திருப்பிச் சொல்வதே நியாயம்.

மீனில்லாத தொடர்களும் இருக்கின்றன. பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்று பாடப்புத்தகம் சொல்லித்தரும். இங்கே அன்றாடப் பேச்சில் அது அபூர்வம். மழை 'வாளியாக ஊற்றுகிறது' என்பதே வழக்கு. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்களுக்கு லண்டன் மழை ஒள்ளுப்பந்தான். மேடை ஏறுபவரைக் 'காலை முறி' என்று வாழ்த்துவார்கள். ஊரில் கூத்துக் களரியில் அண்ணாவியாருக்கு முன்னால் அதைச் சொல்லாமலிருப்பது நல்லது. 'நீல நிலாவுக்கு ஒருமுறை' என்றால் மிக அரிதாக. ஒரே மாதத்தில் இரண்டாவதாக வரும் பூரணையை நீல நிலா என்கிறார்கள். இரண்டரை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும். இலங்கையில் பூரணைதோறும் போயா விடுமுறை என்பதால், 2023 ஓகஸ்ட் மாதத்தில் அது ஒரு லீவு நாள் கூடுதல் என்றே கணக்கில் விழுந்தது.

மீனால் கெட்ட பெயர் வாங்கிய இடமும் லண்டனில் உண்டு. தேம்ஸ் நதிக்கரையில் இருந்த பில்லிங்ஸ்கேற் மீன் சந்தைப் பெண்களின் வாய்க்கு அஞ்சாதவர் இல்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே 'பில்லிங்ஸ்கேற்' என்ற சொல்லுக்குக் கெட்ட வார்த்தை என்று பொருள் வந்துவிட்டது; அகராதியிலும் ஏறிவிட்டது. சந்தை 1982இல் கிழக்கே பொப்லருக்கு இடம் மாறியது. அதிகாலையில் போனால் ஈரத் தரை, பனிக்கட்டி நிரப்பிய பெட்டிகள், வெள்ளை மேலங்கி வியாபாரிகள், பாரையின் செவுளைக் கிளப்பிப் பார்த்து விலையைக் குறைக்கும் தமிழ்க் கடைக்காரர்கள். ஏச்சு இப்போது அவ்வளவாக இல்லை.

மீனுக்குச் சார்பாக ஆங்கிலத்தில் எழுதியவர் என்று ஒருவரைச் சொல்லலாம். இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் 1848இல் மட்டக்களப்பு வாவியில் இரவில் தோணியில் போய், மீன் பாடுவதாகச் சொல்லப்படும் அந்த ஒலியைக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ண விளிம்பைத் தேய்த்தால் எழும் நாதம் போன்றது என்று 1859இல் வெளியான தம் நூலில் எழுதினார். ஆனால் மீனவர் சொற்கேட்டுப் பாட்டின் பெருமையை ஊரிச் சிப்பிக்குக் கொடுத்துவிட்டார். மீனுக்கு அங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

புறப்பட இருப்போர் இந்தத் தொடர்களையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பொருள் விளங்காத ஒன்று காதில் விழுந்தால் தலையாட்டிவிட்டு வராமல், "வட் டு யூ மீன்?" என்று உடனே கேட்டுவிட வேண்டும். அந்த ஒரு வசனத்தில் மீனுக்கு அவமரியாதை இல்லை.