பத்தடி அப்பா

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தன் வீட்டு வாசலில் ஒருவர் அண்ணாந்து பார்த்தபடி நின்றால், சின்ன காஞ்சிபுரத்தில் யாரும் அதிசயப்பட மாட்டார்கள். கோபுர தரிசனம் என்று நினைத்துத் தாங்களும் ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். ஆனால் இவர் கையில் இன்ச் டேப் இருக்கிறது, காதிடுக்கில் பென்சில் இருக்கிறது. பார்வை வரதராஜப் பெருமாள் கோபுரத்தின் மேல் இல்லை; சொந்த வீட்டுப் போர்டிகோவின் பீம் மேல் இருக்கிறது. அளக்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார், மறுபடி அளக்கிறார். பிள்ளைகளுக்கு பேஸ்கட்பால் ரிங் மாட்டப் போகிறார்.

இந்த வகை அப்பாக்கள் ஒரே நாளில் முளைத்தவர்கள் அல்ல. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. பிறகு ஒரகடத்தில் வரிசையாகத் தொழிற்சாலைகள் எழுந்தன. குழித்தறியில் கால் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினார்கள். நம்மவரும் அப்படி ஏறியவர்தான். குவாலிட்டி செக்‌ஷனில் வேலை. பகலெல்லாம் வெர்னியர் காலிப்பரும் கையுமாக இருந்துவிட்டு வருவதால், வீட்டில் தோசை வட்டம் தப்பினால்கூட ஒரு கணம் தட்டை உற்றுப் பார்ப்பார். அந்தக் கணம் அவர் மனைவிக்குத் தெரியும். "சாப்பிடுறதுக்குத்தான் போட்டேன், அசெம்பிளிக்கு இல்ல" என்பார்.

ரிங் ஆசையை மூட்டியது டாலஸில் இருக்கும் மச்சான். ஒருநாள் வாட்ஸப்பில் வீடியோ வந்தது. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே கார் இறங்க அகலமான சிமெண்டுத் தளம். அதன் ஓரத்தில் ஒரு கம்பம், போர்டு, வளையம். அடியில் பிளாஸ்டிக் தொட்டி. அதில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீரோ மணலோ நிரப்பிவிட்டால் கம்பம் அசையாது. "ரெண்டே மணி நேரம் மாமா, தனியாவே மாட்டிட்டேன்" என்று மச்சான் குரல் பின்னணியில் கேட்டது. அந்த 'தனியாவே' நம்மவரைக் குத்திவிட்டது.

டாலஸில் இருக்கும் அந்தச் சிமெண்டுத் தளம் இங்கே இல்லை என்பதுதான் முதல் சிக்கல். சின்ன காஞ்சிபுரத்துப் பழைய வீடுகள் முன்பக்கம் ஒடுங்கி, பின்னால் நீண்டு போகிறவை. தாத்தா காலத்தில் வாசலில் திண்ணை இருந்தது. அதை இடித்துத்தான் கார் நிறுத்தப் போர்டிகோ கட்டினார்கள். கார் உள்ளே வந்துவிட்டால் ஓட்டியவர் வெளியே வரவே மூச்சை அடக்க வேண்டும். ஆகவே வளையம் தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டுதான் இருக்க முடியும். ஆடுகளம் தெரு. தன் பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டுப் பொருள் வாங்குவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தெருவுக்கே ஒரு மைதானம் திறந்து வைக்கப் போகிறோம் என்பது இந்த வகை அப்பாக்களுக்கு எப்போதும் கடைசியில்தான் தெரியும்.

படிப்பு பலமாக நடந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டுக் கிடந்த 18 மாணவர்களைச் சமாளிக்க இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பீச் பழக்கூடை இரண்டை மாடத்தின் கைப்பிடியில் அடித்தார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான் காரணம். எட்டடியில் இருந்திருந்தால் உலகம் முழுக்க இன்று எட்டடி. கூடைக்கு அடிப்பாகமும் இருந்ததால், பந்து விழுந்தால் ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கிறது. இதையெல்லாம் நம்மவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொன்னார். பழக்கூடை என்றதும் அவருக்கு வரதராஜர் கோயில் குடலை இட்லி ஞாபகம் வந்து, பேச்சு மந்தாரை இலைக்குப் போய்விட்டது.

வீட்டில் ரிங் மாட்டிய அப்பாக்களின் வரலாறும் அவருக்கு மனப்பாடம். மைக்கேல் ஜோர்டனின் அப்பா வில்மிங்டன் வீட்டுக் கொல்லையில் களம் அமைத்துக் கொடுத்தார். அங்கே ஜோர்டன் தன் அண்ணனிடம் தோற்றுத் தோற்றுத்தான் வளர்ந்தார். ஸ்டீபன் கறியின் தாத்தா வர்ஜீனியாவில் பழைய மின்கம்பம் ஒன்றை நட்டு அதில் வளையத்தைப் பொருத்தினார். இந்தக் கடைசித் தகவல் கொஞ்சம் ஆபத்தானது. அதைப் படித்த அன்று சாயங்காலம் நம்மவர் எதிர்வீட்டு ஓரம் நிற்கும் மின்கம்பத்தை ஒரு தினுசாகப் பார்த்தார். அந்நேரம் லைன்மேன் வந்ததால் தெரு தப்பித்தது.

உயரம் குறித்து வீட்டில் வாக்குவாதம். பையனுக்கு ஏழு வயது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான மினி பேஸ்கட்பாலில் வளையம் 2.60 மீட்டர்தான், பந்தும் சின்னது, ஐந்தாம் நம்பர். "அப்போ அந்த உயரத்துலயே மாட்டுங்களேன்" என்றார் மனைவி. நம்மவர் மறுத்துவிட்டார். 3.05 மீட்டர் என்றால் 3.05. ஆறு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம் என்று விதிப்புத்தகம் தரும் சலுகையே அவருக்குக் கண்டிப்புக் குறைவாகப் பட்டது. பையன் வளருவான், வளையம் வளராது என்றார். (தேய்ந்து கீழே வரலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.)

முதலில் மாடிச் சுவரில் மாட்டிப் பார்த்தார்கள். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர். டிரில் பிட் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. ஆங்கர் போல்ட்டை முறுக்க முறுக்க அதுவும் கூடவே சுற்றியது. மேஸ்திரி இரண்டு செங்கல்லைக் கையில் எடுத்துக் காட்டி, "சார், இது உங்க தாத்தா கட்டினது. சாமி படம் மாட்டலாம், இதெல்லாம் மாட்டக் கூடாது" என்றார். ஆகவே கான்கிரீட் பீம்தான் கதி. பீம் தாழ்வு, அதன் மேல் ஆங்கிள் சட்டம் எழுப்ப வேண்டும். வெல்டிங் பட்டறையில் படம் வரைந்து கொடுத்தார். பக்கப் பார்வை, மேல் பார்வை, மூன்று இடத்தில் தசம எண். பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கேட்டா, ஜன்னலா?" என்றார்.

சட்டம் ஏறியது. ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது. 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையம் ஆரஞ்சு நிறத்தில் தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அன்று சாயங்காலமே நான்கு பெரியவர்கள் வந்துவிட்டார்கள்.

பந்தைப் பற்றி அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை. விஷயம் குடை. பெருமாள் கோயில்களில் காஞ்சிக்குக் குடையழகு என்று சொல்லும் ஊர். வைகாசி பிரம்மோற்சவம் வந்தால் மூன்றாம் நாள் கருட சேவை. பெரிய குடைகள் விரிய வரதர் புறப்பட்டுப் பெரிய காஞ்சிபுரம் வரைக்கும் போய்த் திரும்புவார். இந்தத் தெருவழியாக அன்று வராவிட்டாலும் வேறு புறப்பாடுகள் உண்டு. அப்போது குறுக்கே தொங்கும் கேபிள் ஒயர்களைக் கவைக் கம்பால் தூக்கிப் பிடிக்கவே ஓர் ஆள் முன்னால் நடப்பார். "ஒயரைத் தூக்கலாம். உன் வளையத்தை எப்படிப்பா தூக்கறது?" என்றார் பெரியவர் ஒருவர். நம்மவர் கோபப்படவில்லை. முகம் மலர்ந்தது. அது ஒரு வடிவமைப்புப் பிரச்சினை அல்லவா! மறுவாரமே கீல் வைத்து, போர்டோடு சேர்த்து வளையம் சுவரோரம் மடங்கும்படி செய்துவிட்டார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பந்து போட்டுக் காட்டியதைவிட மடக்கிக் காட்டியதுதான் அதிகம்.

அடுத்தது பாவு. நெசவுத் தெருவில் விடிந்ததும் பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவார்கள். ஆயிரக்கணக்கான பட்டு இழைகள் விறைப்பாக நிற்கும். அதன் மேல் ஏழாம் நம்பர் பந்து ஒன்று விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. விழவில்லை, ஆனால் ஓர் அரையடி தள்ளித்தான் விழுந்தது. அன்றிலிருந்து கேட்டில் ஒரு கால அட்டவணை தொங்குகிறது: காலையில் பாவு, மாலை ஐந்துக்கு மேல் பந்து. கம்பெனியில் ஷிப்ட் போர்டு எழுதும் அதே கையெழுத்து.

இவ்வளவையும் திண்ணை இருந்த இடத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் வீட்டுத் தாத்தா. நாற்பது வருஷம் கோர்வைச் சேலை நெய்தவர். மகன் செய்வது எதிலும் அவர் வாய் திறக்கவில்லை, வலை கிழியும் வரைக்கும். கடையில் வளையத்தோடு வந்த வலை இரண்டே மாதத்தில் நார் நாராகத் தொங்கியது. தாத்தா அதைக் கழற்றச் சொல்லி, விரலால் நிமிண்டிப் பார்த்தார். "இன்னாடா முடிச்சு இது? வெட்கமா இல்ல?" என்றார், செய்தவன் எதிரில் நிற்பதுபோல. ஓடாமல் கிடக்கும் ஜாக்கார்டு பெட்டியின் பழைய நூலை எடுத்து வந்து, வளையத்தில் வலை கட்டும் பன்னிரண்டு இடங்களையும் எண்ணிக்கொண்டு, இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து முடிந்தார். அது இன்னும் தொங்குகிறது. மகனின் வெல்டிங்கில் துரு ஏறிவிட்டது.

யார் விளையாடுகிறார்கள்? ரிங் யாருக்காக வாங்கப்பட்டதோ அந்தப் பையன் பந்தின் மேல் உட்கார்ந்து பேட்டிங் ஆர்டர் போடுகிறான். விளையாடுவது பன்னிரண்டு வயது அக்கா. மேசையில் அனிதா பால்துரையின் படம் ஒட்டி வைத்திருக்கிறாள். சென்னைப் பெண், இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அக்காவோடு தெருப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர். அப்பா ஓரமாக நின்று, கால் கோட்டைத் தாண்டியதா என்று மட்டும் பார்ப்பார். ஃப்ரீ த்ரோ கோட்டை 4.6 மீட்டர் அளந்து அவரே பெயின்ட் அடித்திருந்தார்.

அந்தக் கோடுதான் முதலில் போனது. ஒருநாள் அவர் ஷிப்ட் முடிந்து வந்தபோது தெருவில் புதுத் தார் பளபளத்தது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு அனுப்பினார். அந்தச் செய்தியை நம்மவர் வெட்டி எடுத்து வைத்திருந்தார். தார் போட வந்த இயந்திரம் பேப்பர் படிக்கிற ரகமில்லை போலிருக்கிறது. மகள் அவருடைய டேப்பையே எடுத்து வந்து தெருவிலிருந்து வளையம் வரைக்கும் பிடித்தாள்.

"அப்பா, மூணு மீட்டர்தான் இருக்கு. அஞ்சு சென்டிமீட்டர் போச்சு."

அவர் பேசவில்லை. அவள் கணக்கைத் தொடர்ந்தாள். "இன்னும் எட்டு தடவை ரோடு போட்டா 2.60 வந்துடும். தம்பிக்குச் சரியா இருக்கும்."

"அதுக்குள்ள அவனுக்குக் கல்யாணமே ஆயிடும்" என்றார் நாற்காலியிலிருந்து தாத்தா.

நம்மவர் போர்டிகோவுக்குள் போய் வெல்டிங் பட்டறைக்குப் போன் போட்டார். "அண்ணே, அந்த ஆங்கிள்ல கொஞ்சம் வேலை இருக்கு. மேல ஏத்துற மாதிரி வரிசையா ஓட்டை போடணும். ஆமா, அஞ்சு சென்டிமீட்டருக்கு ஒண்ணு. எத்தனையா? இப்போதைக்கு ஒம்பது போடுங்க."