மாணவர் திகில் குறும்படங்களில் பிண மூச்சு: ஒரு படத்தொகுப்பியல் நோக்கு

முன்னுரை

விஸ்காம் மாணவர்கள் எடுக்கும் திகில் குறும்படங்களை இதுவரை ஆராய்ந்தோர் எவருமிலர். பார்த்தோரும் பெரும்பாலும் எடுத்தோரே. ஆகவே இத்துறையின் முதல் ஆய்வு என்னும் பெருமை இக்கட்டுரைக்கு உண்டு. போட்டிக்கு ஆளில்லாத பெருமையே நிலையான பெருமை.

வரையறை

மூச்சு விடாதது பிணம். பிணம் விடாதது மூச்சு. இதற்கு மேல் விளக்கம் வேண்டுவோர் முந்தைய இரு வாக்கியங்களைக் காண்க.

வகைப்பாடு

எடிட்டிங் மேசைக்கு வரும் குறைகள் ஐவகைப்படும்.

1. ஒளிக்குறை: இரவுக் காட்சி. ஒன்றும் தெரியாது, எனவே பிழையும் தெரியாது.

2. ஒலிக்குறை: ஆளரவமற்ற பங்களாவில் பக்கத்து டீக்கடை எஃப்.எம். கேட்கும்.

3. வேகக்குறை: ஒரு ஷாட் செல்போனில் நொடிக்கு 30 ஃபிரேம், அடுத்தது கேமராவில் 24. டைம்லைனில் இரண்டையும் சேர்த்தால் கொலைகாரன் திக்கித் திக்கி ஓடுவான்.

4. பாசக்குறை: மொட்டை மாடியில் உச்சி வெயிலில் படாத பாடுபட்டு எடுத்த ஷாட் என்பதாலேயே அதை வெட்ட இயக்குநர் மனம் ஒப்பாமை.

5. பிண மூச்சு.

முதல் நான்கையும் விட்டு ஐந்தாவதற்கு வருவோம்.

பிண மூச்சு

அறைத்தோழன் மொசைக் தரையில் மல்லாந்து கிடக்கிறான். மார்பில் அட்டைக் கத்தி. சட்டையில் ரோஸ்மில்க் எசன்ஸ். அதை மோப்பம் பிடித்து எறும்புகள் கிளம்பிவிட்டன. படப்பிடிப்புக்கு முன் அவன் இரண்டு பிளேட் கொத்து பரோட்டா சாப்பிட்டிருக்கிறான். எடுக்கும்போது யார் கண்ணிலும் படவில்லை. லேப்டாப்பில் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தும்போதுதான் செத்தவன் வயிறு மெல்ல எழுந்து தணிகிறது.

இம்மூச்சு வயிற்று மூச்சு, மார்பு மூச்சு, பொத்தான் மூச்சு என மூவகைப்படும். முன்னிரண்டில் சிக்கலில்லை. பொத்தான் மூச்சில் உடல் அசையாது. சட்டைப் பொத்தானில் பட்ட ஒளி மட்டும் அசையும். இது மூச்சன்று, மின்விசிறிக் காற்று என்பார் ஒரு சாரார் (மெஸ் கணக்கு நோட்டு, பின்னட்டை). அன்று கரண்ட் இல்லை என மறுப்பார் மறு சாரார் (மேற்படி நோட்டு, சாம்பார்க் கறைக்குக் கீழ் மூன்றாம் வரி; கறையைச் சுரண்டிப் படித்தோர் வேறு பாடம் கொள்வர்). கரண்ட் இல்லையெனில் விளக்கு எரிந்தது எப்படி என்னும் வினாவை எழுப்பி, விடை கூறாது சென்றார் மூன்றாமவர் (விடுதிக் கதவின் உட்புறம், பென்சில் எழுத்து, அதன் கீழுள்ள இதயமும் அம்பும் இடைச்செருகல் என்க). இம்மூவர் கூற்றையும் ஒரே கட்டுரையாக்கி, தலைப்பை மாற்றி மாற்றி நான்கு கருத்தரங்குகளில் வாசிக்கலாம். மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் எட்டிப் பார்த்தால் அவை பன்னாட்டுக் கருத்தரங்குகள் ஆகிவிடும்.

முன்னோர் மரபு

பிண மூச்சு மாணவர்க்கு மட்டும் உரியதன்று. 1960இல் வெளிவந்த ‘சைக்கோ’வின் குளியலறைக் கொலையை எடுக்க ஏழு நாள் பிடித்தது. தொகுத்த படத்தைப் பார்த்த ஹிட்ச்காக்கின் மனைவி அல்மா ரெவில், பிணமாகக் கிடந்த ஜேனட் லீயிடம் உயிரின் அடையாளம் ஒன்றைக் கண்டுபிடித்தார் என்று சொல்லப்படுகிறது. அது மூச்சா, இமைத்தலா, எச்சில் விழுங்கலா என்பதில் சொல்வோருக்குள் ஒற்றுமை இல்லை. ஆய்வுலகம் பிழைத்துக் கிடப்பது இத்தகைய ஒற்றுமைக் குறைவால்தான்.

எடிட்டர் வால்டர் மர்ச் தம் நூலில், நல்ல வெட்டுக்கு மதிப்பெண் பிரித்துக் கொடுத்திருக்கிறார்: உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, கண் போகும் தடத்துக்கு 7, திரைத் தளத்துக்கு 5, இடத் தொடர்ச்சிக்கு 4. கூட்டினால் சரியாக 100 வருகிறது. உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணில் காணக் கிடைக்காத அதிசயம். ஆனால் பிண மூச்சுக்கு அவர் ஒரு மதிப்பெண்ணும் ஒதுக்கவில்லை. இவ்விடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு.

தீர்வுகள்

ஃப்ரீஸ் செய்தல்: மூச்சு நிற்கும். கூடவே ஜன்னல் திரையும் எறும்பும் நின்றுவிடும். அறையோடு செத்தாற்போல் இருக்கும்.

மாஸ்க் போட்டு வயிற்றை மட்டும் நிறுத்துதல்: கேமரா அசையாதிருந்தால் எளிது. ட்ரைபாடை அன்று வேறு டீம் வாங்கிப் போயிருக்கும்.

மூச்சு வரும் நேரத்தில் சுவர்க்கடிகாரத்துக்குத் தாவுதல்: கொலை நடப்பதற்கு இரண்டு மணி நேரம் முந்தைய நேரத்தைக் கடிகாரம் காட்டும். இது தனி ஆய்வுக்குரியது.

நான்காவது தீர்வு ஒரு மூன்றாமாண்டு மாணவியுடையது. டீ ஆறுவதற்குள் பிண ஷாட்டையே தூக்கிவிட்டார். மிஞ்சியது கதவைத் திறந்தவன் முகம், இரண்டு நொடி. அம்முகம் வருவதற்கு முன்பே, ஜே-கட்டில், உள்ளே குழாய் சொட்டும் சத்தம் தொடங்கிவிடுகிறது. படம் பார்த்தவர்கள் பிணத்தைப் பார்த்ததாகவே சொன்னார்கள். சட்டை நீல நிறம் என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு.

ருஷ்யாவில் லெவ் குலெஷோவ், நடிகர் மொஸ்ஜுகினின் ஒரே முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும் ஒருமுறை சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டியதும் ஏறத்தாழ இதுவே. பசியையும் துக்கத்தையும் பார்ப்பவரே முகத்தில் ஏற்றிக்கொண்டனராம். ஆனால் அம்மாணவி குலெஷோவைப் படித்தவரல்லர். ஏன் வெட்டினாய் என்று கேட்டதற்கு, “இழுவையா இருந்துச்சு சார்” என்றார். மேற்கோளோ அடிக்குறிப்போ இல்லாததால் இத்தீர்வை ஏற்பதற்கில்லை.

முடிவுரை

பிண ஷாட்டை நீக்கினால் படம் நன்றாகிவிடுகிறது. ஆய்வுப் பொருள்தான் இல்லாமற் போகிறது. எனவே இனி வரும் படங்களில் பிணத்தைக் குறைந்தது இரண்டு நிமிடம், வயிறு தெரியும்படி, நல்ல வெளிச்சத்தில் காட்டுமாறு மாணவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. நெறியாளர் கையொப்பம் கிடைத்ததும் இரண்டாம் தொகுதியில் சுவர்க்கடிகாரம் ஆராயப்படும்.