புள்ளி விழுந்தவன் யோக்கியன்

ஏலே பேராண்டி, அந்தப் புள்ளிவிவர மென்பொருள் ஸ்டேட்டாவ ஏம்ல இந்தக் கரிச்சுக் கொட்டு கொட்டுத? "03/04/2019னு எழுத்துல கெடந்தத தேதியா மாத்தச் சொன்னேன் தாத்தா, 21642னு துப்புது"ங்க. துப்பாம கொஞ்சுமா? அதுக்குத் தேதின்னா 1960 ஜனவரி 1ல இருந்து எத்தன நாளுங்கிறதுதான். அதே மாதிரி மென்பொருளு சாஸும் அங்கதான் தொடங்கும். ஆர்னு ஒருத்தன் சின்னப்பய, 1970ல இருந்து எண்ணுதான். எஸ்பிஎஸ்எஸ் பெரிய மனுசன். போப்பு கிரிகோரி புது காலண்டர் போட்ட 1582 அக்டோபர்ல இருந்து வினாடி வினாடியா எண்ணிக்கிட்டு வாரான். ஃபார்மட்ல சதவீதக்குறி போட்டு 'டிடி'ன்னு சொல்லு, அந்த 21642 ஏப்ரல் 3னு மரியாதையா நிக்கும்.

ஏப்ரல்னு யாரு சொன்னா? நீதான் 'டிஎம்ஒய்', நாள்-மாசம்-வருசம்னு சொன்ன. 'எம்டிஒய்', மாசம்-நாள்-வருசம்னு சொல்லியிருந்தா அதே எழுத்து மார்ச் 4, 21612. முக்காம மொனங்காம மாத்திக் குடுத்திரும். 03/04ல ஆஸ்பத்திரில சேந்து 12/04ல வீட்டுக்குப் போனவன் ஒம்பது நாள் காய்ச்சல்காரன். 'எம்டிஒய்' கணக்குல மார்ச்சுல படுத்து டிசம்பர்லதான் எந்திரிப்பான், 275 நாள். 15/04ல போனவனுக்கு மட்டும் பதினஞ்சாவது மாசம் இல்லன்னு ஒரு புள்ளி வைக்கும். அந்தப் புள்ளிதாம்ல யோக்கியன். தப்ப ஒத்துக்கிட்டான்.

நீ என்ன செய்வ? புள்ளி விழுந்த வரியெல்லாம் அசிங்கமா இருக்குன்னு 'டிராப்' போட்டுத் தூக்குவ. நல்லாத் தூக்கு. மாசத்துல 12ம் தேதிக்கு மேல எவனுமே வீட்டுக்குப் போகலன்னு ஒரு கட்டுரையும் எழுதிரு, டாக்டர் பட்டமே குடுப்பான்.

வருசத்த ரெண்டு இலக்கத்துல எழுதி வச்சிருந்தா இன்னும் விசேசம். உன் பாட்டி பொறந்தது 1956. வெறும் 56னு ஆர்கிட்ட குடுத்து சின்ன ஒய் போடு, அவ 2056லதான் பொறப்பா; அவனுக்கு 68 வரைக்கும் எல்லாம் இந்த நூற்றாண்டுதான். பெரிய ஒய் போட்டியா, கி.பி. 56க்கே போயிருவா. அவகிட்ட இத மட்டும் சொல்லிராத. ஸ்டேட்டா பரவால்ல, நூற்றாண்டு தெரியலன்னு புள்ளி வச்சு ஒதுங்கிக்கிடும். 'டிஎம்19ஒய்'னு காதுல போட்டாத்தான் வழிக்கு வரும்.

மாத்துன தேதிய புதுப் பத்தியில வையி, பழைய எழுத்துப் பத்தியத் தொடாத. அத அழிச்சு மேலயே சேவ் பண்ணிட்டியோ, எவன் ஏப்ரல் எவன் மார்ச்சுன்னு ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரத் தேடி நீயே போகணும். போனா, வாரப்ப எனக்கு ஒரு கவுளி வெத்தல வாங்கிட்டு வா.