தொண்ணூற்றொரு கிராம்

2008இல் எங்கள் தெரு அண்ணாச்சி கடைத் தராசில், உளுத்தம்பருப்புப் பொட்டலங்களை ஓரம் தள்ளிவிட்டு, இரண்டு பி.எஸ்.பி. கையடக்க கேம் கருவிகளை எடை போட்டோம். என்னுடையது 1000 மாடல். மாமா பையனுடையது புதிதாக வந்த 2000. கணக்குப்படி 280 கிராம், 189 கிராம். தராசும் ஏறக்குறைய அதையே சொன்னது.

"தொண்ணூத்தியோரு கிராம் கம்மி!" என்று குதித்தான்.

அண்ணாச்சி நிமிராமலே கேட்டார்: "கம்மின்னா, உள்ள எதை எடுத்துட்டான் தம்பி? பிஸ்கட் பாக்கெட்லயும் இப்பிடித்தான் செய்யுதான்."

எனக்கு வாதம் கிடைத்துவிட்டது. பாட்டரி 1800 மில்லிஆம்பியர்-மணியிலிருந்து 1200 ஆகியிருந்தது. யாரும் தொட்டே பார்க்காத அகச்சிவப்புக் கண்ணைக் காணோம். அதற்காகவும் கண்ணீர் விட்டேன். படக்கென்று துள்ளித் திறக்கும் வட்டு மூடி போய், நகத்தால் நெம்புகிற மூடி வந்திருந்தது. நினைவகம் 32 மெகாபைட்டிலிருந்து 64 ஆனதையும், டிவியில் போட்டு ஆடலாம் என்பதையும் பற்றி வாயே திறக்கவில்லை. எதிர்த்தரப்புப் பாயிண்டை எந்த ஊர் வக்கீல் எடுத்துக் கொடுப்பார்?

அந்த வருடக் கடைசியில் 3000 வந்தது. வண்ணம் பிரமாதம், ஆனால் படம் வேகமாக நகர்ந்தால் திரையில் கோடு தெரிகிறது என்று உலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நாங்கள் இருவரும் ஒரே கட்சி: வாங்கக் காசில்லாதவர்கள்.

போன மாதம் பீரோவைத் துழாவியபோது என் 1000 கிடைத்தது. பாட்டரி பூரியாக உப்பி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அண்ணன் மகன் தன் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக்கோடு வந்தான்.

"பழைய மாடல் 669 கிராம் சித்தப்பா. இந்த ஓலெட் 640தான்!"

என் 1000 இரண்டைச் சேர்த்தாலே 560தான் வரும். இவனோ தன் டெக்கைத் தலையணையில் சாய்த்து வைத்துக்கொண்டு, குறைந்த 29 கிராமுக்குப் பூரிக்கிறான்.

"உள்ள எதை எடுத்துட்டான்?" என்றேன்.

"எதையும் எடுக்கல. பாட்டரி 40 வாட்-மணி இருந்தது, இப்ப 50. திரையும் பெருசு."

மனசு ஒப்பவில்லை. கேக்குக்கு மாவு அளக்கிற தராசைச் சமையலறையிலிருந்து எடுத்து வந்தேன்.

"655 காட்டுதுடா!"

"அது நான் ஒட்டின ஸ்கிரீன் கார்டு, சித்தப்பா."