வாடகை பாக்கி வைத்த வீரன்

சூப்பர் ஹீரோ படத்துக்குப் பணம் போடுகிறவர்கள் முதலில் கதையைக் கேட்பதில்லை. "இந்த ஆளை ஜனங்களுக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். தெரியும் என்றால் இருபது கோடி டாலர் தாராளமாக இறங்கும். தெரியாது என்றால் இருபது பேர் வட்டமேசையில் உட்கார்ந்து தாடையைத் தடவுவார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் வசூல் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால், இந்தக் கேள்விக்கும் கல்லாப்பெட்டிக்கும் வெகுகாலமாகவே பேச்சுவார்த்தை இல்லை என்று புரியும்.

சூப்பர்மேனைத் தெரியாதவர் யார்? 1938இல் பிறந்தவர். பேன்ட்டுக்கு மேலே ஜட்டி போடுகிற ஆள் என்று சொன்னால் எந்த டீக்கடையிலும் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவரை வைத்து 2006இல் 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' எடுத்தார்கள். உலகம் முழுக்கச் சேர்த்து ஏறக்குறைய 39 கோடி டாலர் வந்தது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் தயாரிப்புச் செலவே இருபது கோடிக்கு மேல். வந்த பணத்தில் பாதியைத் தியேட்டர்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். விளம்பரச் செலவு தனி. போட்டதைப் போல் இரண்டரை மடங்கு வந்தால்தான் தயாரிப்பாளர் நிம்மதியாக மூச்சு விடுவார் என்பது அந்த ஊர் வாய்ப்பாடு. அந்த வாய்ப்பாட்டின்படி உலகத்திலேயே பிரபலமான மனிதர், பறந்து வந்தும் கரை சேரவில்லை.

சரி, ஒருவர் போதாது, எல்லோரையும் சேர்த்து இறக்குவோம் என்று 2017இல் 'ஜஸ்டிஸ் லீக்' வந்தது. சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன், இன்னும் மூன்று பேர். எல்லோருமாகச் சேர்ந்து சுமார் 66 கோடி டாலர் கொண்டுவந்தார்கள். அதே வருடம் வொண்டர் வுமன் தனியாக ஒரு படத்தில் வந்து 82 கோடி டாலர் சம்பாதித்துவிட்டுப் போயிருந்தார். கூட்டுக் குடும்பத்தில் சம்பாதிக்கிற மருமகளுக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

இந்தப் புள்ளிவிவரங்களை எனக்கு ஊட்டி வளர்ப்பவன் என் அக்கா மகன். இன்ஜினியரிங் படிக்கிறான் என்று வீட்டில் நம்புகிறார்கள். எந்தப் படம் வெளியாவதற்கு முன்பும் முதல் மூன்று நாள் வசூலைச் சொல்வான். இரண்டாம் வாரம் எத்தனை சதவீதம் விழும் என்றும் சொல்வான். சொன்னது பலிக்காவிட்டால் ஏன் பலிக்கவில்லை என்பதையும் அதே குரலில், அதே நிதானத்தில் விளக்குவான். எங்கள் குடும்ப ஜோசியருக்குப் பிறகு இந்தத் திறமையை நான் இவனிடம்தான் பார்க்கிறேன்.

"மாமா, கேரக்டர் ரீச் இருக்கணும். அவ்வளவுதான் மேட்டர்" என்பது அவன் சித்தாந்தம்.

இதற்கு நேர் எதிர்ச் சித்தாந்தம் அதே வீட்டில், அதே சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும். என் அம்மா. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் போடும் தமிழ் டப்பிங் படங்களை அம்மா விடுவதில்லை. பெயர் ஒன்றுகூட நினைவில் நிற்காது. சிலந்திப் பய, பச்சைப் பூதம், சுத்தியல்காரன், இரும்புச் சட்டை என்று அவளாக ஒரு வாக்காளர் பட்டியல் வைத்திருக்கிறாள். அதில் பேட்மேனுக்கு இடம் உண்டு, மரியாதை கிடையாது. "வீடு வாசல் இருக்கு, சமைச்சுப் போட ஆள் இருக்கு, ராத்திரி தூங்காம ஏன் இவன் கூரைமேல நிக்கிறான்?" சூப்பர்மேன் பற்றி இன்னும் சுருக்கம்: "குண்டு பட்டாலும் சாகமாட்டான். நாம எதுக்குப் பதறணும்?"

ஆனால் சிலந்திப் பய என்றால் வெங்காயத் தட்டு ஓரமாகப் போய்விடும். 2004இல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' அவளுக்கு அத்துப்படி. அதில் வில்லனுக்கு இரும்புக் கைகள் உண்டு, ஓடும் ரயிலில் சண்டை உண்டு. அதெல்லாம் அம்மாவுக்கு விளம்பர இடைவேளை மாதிரி. அவள் பார்ப்பது வேறு. பையன் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறான். தாமதமாகப் போனதால் வேலை போய்விடுகிறது. வீட்டுக்காரன் கதவருகே காத்திருந்து வாடகை கேட்கிறான். வளர்த்த பெரியம்மா வங்கியில் கடன் கேட்டுப் போகிறாள். இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப்பட்டவள் அவன் பிறந்தநாளுக்கு இருபது டாலரை எடுத்து நீட்டுகிறாள். அவன் வேண்டாம் என்கிறான். அவள் அழுதுகொண்டே அதட்டிக் கையில் திணிக்கிறாள்.

"வாங்கிக்கடா, பெரிய மனுஷி கொடுக்கிறாள்ல" என்று அம்மா டிவியைப் பார்த்துச் சொல்வாள். ஒவ்வொரு முறையும் சொல்வாள். அவனும் ஒவ்வொரு முறையும் வாங்கிக்கொள்வான்.

அந்தப் படம் சுமார் 79 கோடி டாலர் வசூலித்தது. ரயில் சண்டைக்கு எவ்வளவு, இருபது டாலர் நோட்டுக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. எனக்கு அம்மா பக்கம்தான் சாய்வு. ஒரு பாத்திரத்தைத் தெரியும் என்றால் உடையைத் தெரியும் என்று ஸ்டூடியோக்கள் நினைக்கின்றன. அவன் வீட்டு நிலவரம் தெரியும் என்று அம்மா நினைக்கிறாள். டிக்கெட் விற்பது இரண்டாவது வகைத் தெரிதல்தான்.

நம்பாவிட்டால் மார்வெல் கதையையே பாருங்கள். 1996இல் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்த கம்பெனி அது. கையில் இருந்த பிரபலங்களை ஒவ்வொன்றாக விற்றாயிற்று. ஸ்பைடர்மேன் சோனிக்குப் போனான். எக்ஸ்-மென்னும் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் ஃபாக்ஸுக்குப் போனார்கள். பிறகு 2005இல் மிச்சம் மீதியின் உரிமையை அடமானம் வைத்து 52.5 கோடி டாலர் வரை கடனுக்கு ஏற்பாடு செய்துகொண்டு, சொந்தமாகப் படம் எடுக்க இறங்கினார்கள். அப்படி வந்த முதல் ஆள் அயர்ன் மேன். காமிக்ஸ் வாசகர்களைத் தாண்டி அவனை அன்று பெரிதாக யாருக்கும் தெரியாது. நடிக்க வந்த ராபர்ட் டௌனி ஜூனியரைத் தெரியும். அவர் ஜெயிலுக்குப் போனதால் தெரியும். 2008இல் வந்த படம் 58 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அம்மா அந்தப் படத்தில் கவனித்தது ஒன்றே ஒன்று: "நெஞ்சுல எரியிற லைட்டு அணைஞ்சா போயிருவானா?" படத்தின் மொத்தத் திரைக்கதையும் அந்த ஒரு கேள்விதான்.

2014இல் இன்னும் துணிந்தார்கள். 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி'. நாயகர்களில் ஒருவர் பேசும் ரக்கூன். இன்னொருவர் மரம். மரத்துக்கு ஒரே ஒரு வசனம்தான். அதையே படம் முழுக்கச் சொல்லும். எந்தச் சர்வேயில் எந்த ஆள் இதற்கு "தெரியும்" என்று டிக் அடித்திருப்பான்? 77 கோடி டாலர். படம் தொடங்குவது ஆஸ்பத்திரியில். சாகக் கிடக்கும் தாய் கையை நீட்டுகிறாள். பயந்துபோன சிறுவன் பிடித்துக்கொள்ளாமல் திரும்பிக்கொள்கிறான். அம்மா அன்று வெங்காயம் உரித்த கண்ணோடு இருந்ததால் எதற்காகக் கண்ணீர் வந்தது என்று தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. அதற்கப்புறம் மரம் பேசினால் என்ன, மாடு பேசினால் என்ன என்கிற மனநிலைக்கு வந்துவிட்டாள்.

இப்படிச் சேர்த்த சொத்தெல்லாம் 2019இல் 'அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்' வந்தபோது மொத்தமாக முதிர்ந்தது. உலக வசூல் கிட்டத்தட்ட 280 கோடி டாலர். தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். தெரிந்த வீரனுக்குத் தெரிந்த குரலைக் கொடுத்தால் கூட்டம் இரண்டு மடங்காகும் என்று யாரோ பெருக்கல் போட்டிருக்க வேண்டும். மார்வெல் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். என் மருமகன் தியேட்டரில் தலையில் கை வைத்தவன் இடைவேளைக்குத்தான் எடுத்தான். "அயர்ன் மேன் தெரியல மாமா, சேதுபதிதான் தெரியறார்." பக்கத்து சீட்டில் அம்மாவுக்கோ பரம சந்தோஷம். "நம்ம பிள்ளை குரல்டா, எவ்வளவு தூரம் போயிருக்கான் பாரு."

எண்ட்கேமுக்குப் பிறகுதான் வினை பிடித்தது. கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லு பாப்போம்" என்பாரே, அவராக மாறிவிட்டது மார்வெல். நாம் அசடு வழிவோம், அவரும் விடமாட்டார். 2023இல் வந்த 'தி மார்வெல்ஸ்' படத்தில் மூன்று நாயகிகள். ஒருவரை 2019இல் வந்த 'கேப்டன் மார்வெல்' படத்திலிருந்து நினைவு வைத்திருக்க வேண்டும். இன்னொருவருக்குச் சக்தி எப்படி வந்தது என்பதை 'வாண்டாவிஷன்' தொடரில் பார்த்திருக்க வேண்டும். மூன்றாமவருக்குத் தனியாக ஒரு தொடரே இருக்கிறது. இரண்டும் டிஸ்னியின் ஓடிடியில்; சந்தா கட்டிப் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வர வேண்டும். 'கேப்டன் மார்வெல்' 113 கோடி டாலர் வசூலித்த படம். அதே நாயகி திரும்பி வந்த இந்தப் படத்துக்கு வந்தது 20.6 கோடி. மார்வெலின் அந்தப் படவரிசையிலேயே ஆகக் குறைந்த வசூல்.

"அப்ப நடிகர்கள் ஸ்ட்ரைக் மாமா, யாரும் புரமோஷனுக்கு வரல" என்று மருமகன் வக்காலத்து வாங்கினான். உண்மைதான். ஆனால் மூன்று பெண்களும் படத்தில் வந்த பிறகும் யார் யாரென்று தெரியவில்லையே, அதற்கு எந்தச் சங்கம் பொறுப்பு? டிஸ்னியின் அப்போதைய தலைவர் பாப் ஐகரே, அளவுக்கு மீறித் தயாரித்ததில் கவனம் சிதறிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். அம்மா அதைவிட முன்பே சொல்லிவிட்டாள்: "முன்கதைச் சுருக்கம் போடச் சொல்லு."

சோனி கம்பெனியின் கூத்து தனி ரகம். அவர்களிடம் ஸ்பைடர்மேன் இருக்கிறான். ஆனால் அவனை விட்டுவிட்டு அவன் அக்கம்பக்கத்து ஆட்களை வைத்துப் படம் எடுத்தார்கள். 'வெனம்' 2018இல் 85 கோடி டாலருக்கு மேல் தட்டியதும் தைரியம் வந்துவிட்டது. 2022இல் 'மோர்பியஸ்'. படம் விழுந்தது. விழுந்ததை வைத்து இணையத்தில் ஊரே மீம் போட்டுச் சிரித்தது. இவ்வளவு பேர் பேசுகிறார்களே, பிரபலமாகிவிட்டான் போலிருக்கிறது என்று ஜூன் மாதம் அமெரிக்காவில் ஆயிரம் தியேட்டர்களுக்கு மேல் மறுபடி வெளியிட்டார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் வந்தது மூன்று லட்சம் டாலர் சொச்சம். ஒரே படத்தை ஒரே வருடத்தில் இரண்டு முறை தோற்கடித்த பெருமை ரசிகர்களுக்குக் கிடைத்தது. 2024இல் 'மேடம் வெப்' வந்தபோது ஸ்பைடர்மேனையும் ஒருவழியாகச் சேர்த்திருந்தார்கள். தாய் வயிற்றில் இருக்கிறான். கடைசியில் பிறக்கிறான். பெயர்கூட வைக்கவில்லை.

பழைய முகத்தைக் கூட்டி வந்தால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. 2023இல் 'தி ஃப்ளாஷ்' படத்துக்கு 1989இன் பேட்மேனான மைக்கேல் கீட்டனை அழைத்து வந்தார்கள். அவரைப் பார்த்து விசிலடிக்க வேண்டிய தலைமுறை முழங்கால் வலியால் வீட்டில் இருந்தது. 27 கோடி டாலரோடு கடையைச் சாத்தினார்கள். அதே யுக்தியை 2021இல் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' செய்தபோது ஏன் 190 கோடி வந்தது? அங்கே திரும்பி வந்த இரண்டு பழைய ஸ்பைடர்மேன்களும் உடையோடு மட்டும் வரவில்லை; தாங்கள் யாரை இழந்தோம் என்பதோடு வந்தார்கள். புதியவனின் பெரியம்மா இறந்து அவன் மொட்டைமாடியில் உட்கார்ந்திருக்கும்போது, மற்ற இருவரும் துக்கம் கேட்பதுபோல் வந்து நிற்கிறார்கள். "மூணு பேருக்கும் இதே தலையெழுத்தா?" என்றாள் அம்மா.

சூப்பர்மேனுக்கும் கடைசியில் யாரோ புத்தி சொல்லிவிட்டார்கள். ரக்கூனையும் மரத்தையும் எடுத்த அதே ஜேம்ஸ் கன் 2025இல் எடுத்த 'சூப்பர்மேன்', அவர் தோற்று அடிபட்டுப் பனியில் விழுந்து கிடப்பதில் தொடங்குகிறது. விசிலடித்து நாயைக் கூப்பிடுகிறார். அது ஓடிவந்து அவர்மேல் குதித்துக் கும்மாளம் போட்டு, அப்புறம்தான் இழுத்துக்கொண்டு போகிறது. சொன்ன பேச்சைக் கேட்காத நாய். சுமார் 62 கோடி டாலர். பிரமாதம் என்று சொல்ல முடியாது, பிழைத்துக்கொண்டார். "இவனுக்கும் வலிக்குதே" என்று அம்மா முதல் முறையாக அவரைப் பட்டியலில் சேர்த்தாள். நாய்க்காரன் என்ற பெயரில்.

மருமகனின் அடுத்த ஜாதகம் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே'. 2026 டிசம்பர் 18 என்று தேதி குறித்திருக்கிறார்கள். அயர்ன் மேனாகச் செத்துப்போன டௌனி ஜூனியரே டாக்டர் டூம் என்ற வில்லனாக வருகிறார். இருநூறு கோடி டாலர் நிச்சயம் என்கிறான் மருமகன். முதல் வாரம் அந்த முகத்துக்காகக் கூட்டம் வரும், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் வாரம், அந்த வில்லனுக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்பதைப் பொறுத்தது.

ஆனால் அதற்கு முன்னால் ஜூலை 31இல் வருவதாக அறிவித்திருக்கும் 'ஸ்பைடர்மேன்: பிராண்ட் நியூ டே' விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. போன படத்தின் முடிவில் உலகமே அவனை மறந்துவிட்டது. காதலிக்குக்கூட அடையாளம் தெரியவில்லை. உறவு என்று ஒருவரும் இல்லை. தையல் மிஷினில் தன் உடையைத் தானே தைத்துக்கொண்டு ஒண்டிக்குடித்தன அறையில் இருக்கிறான், ஒண்ணாம் தேதி வாடகை தர வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். படம் ஓடும். வீட்டில் அம்மா இருந்தால் அவருக்கும் சேர்த்து டிக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள்.